குறைந்த செலவில் பழைய ஏர் பிஸ்டல் வாங்குவது எப்படி: எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் வரும் கேள்வி, "அண்ணா, பாயின்ட் டூ டூ பிஸ்டல் பழசா ஒண்ணு கம்மி விலைக்குக் கிடைக்குமா?" என்பதுதான். துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு பையன்கள், அப்பாக்கள், பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, அந்தப் பாயின்ட் டூ டூ ஆசையை, அதாவது 0.22 அங்குலத் தோட்டா போடும் நிஜத் துப்பாக்கிமேல் இருக்கும் ஆசையைத் தள்ளி வைப்பது. அமெரிக்காவில் இந்த வகைப் பழைய பிஸ்டல் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கிறது, தோட்டாவும் மலிவு, அதனால் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். அங்கே எடுத்த வீடியோக்களைப் பார்த்துத்தான் நம் ஆட்களும் கேட்கிறார்கள். நம் ஊரில் கதை வேறு. பாயின்ட் டூ டூ என்றால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அது துப்பாக்கி, லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். வயது 21 ஆகியிருக்க வேண்டும், கலெக்டர் ஆபீசில் விண்ணப்பம், அப்புறம் போலீஸ் விசாரணை. இதெல்லாம் முடிந்தாலும் விலை உங்களை விடாது, ஏனென்றால் 1980களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதி நின்றுபோனதால் அதற்கு முன்பு வந்த வெளிநாட்டு பிஸ்டல்கள்தான் கை மாறிக் கை மாறிச் சுற்றுகின்றன. நாற்பது வருஷப் பழசுக்குப் புதுசை விட அதிக விலை சொல்கிறார்கள். "லைசென்ஸ் எல்லாம் வேண்டாம், நான் தருகிறேன்" என்று ஒருவர் வந்தால் அவரோடு ஒரு டீ கூடக் குடிக்காதீர்கள்.

மனு பாக்கர் வாங்கிய இரண்டு பதக்கமும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், அதாவது வெடிமருந்து இல்லாமல் காற்றழுத்தத்தில் சுடும் பிஸ்டலில். லைசென்ஸ் வேண்டாத, நம் வீட்டு நடையிலேயே பழகக்கூடிய சாதனம் அது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள்படி குழலின் துளை 4.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூல் என்ற அளவைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஒரு போட்டி ஏர் பிஸ்டல் அரை கிராம் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, வினாடிக்கு 150 மீட்டர் வாக்கில் தள்ளும். கணக்குப் போட்டால் ஆறு ஜூல்கூட வராது, அதனால் நீங்கள் சட்ட வரம்புக்கு வெகு உள்ளேயே இருக்கிறீர்கள். ஆனால் 5.5 மி.மீ. ஒன்றைக் காட்டி "இதுவும் ஏர்கன்தான்" என்று யாராவது விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள், அதற்கு லைசென்ஸ் வேண்டும்.

அடுத்தது, எதற்கு வாங்குகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்வது. இதைச் சும்மா சொல்லவில்லை. பாலக்காடு மாவட்டத்து எங்கள் சித்தூர் தாலூகாவில் மயில் தொல்லை பெரிய தொல்லை, விதைத்த நிலக்கடலையை மயில் கூட்டம் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது, எனக்கும் போயிருக்கிறது. "ஒரு ஏர்கன் இருந்தா விரட்டிடலாம்" என்று வருகிறவர்களுக்கு நான் உதவுவதே இல்லை. மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை, பெல்லட் பட்டால் ஜெயில்தான். சட்டத்தை விடுங்கள், குண்டு பட்ட பறவை உடனே சாவதில்லை, வேலியோரம் கிடந்து நாள் கணக்கில் சாகும். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதும் குற்றம், ஆக பரம்பிக்குளம், ஆனமலைப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகும்போது இது வண்டியில் இருக்கவே கூடாது. காகிதத்தைச் சுடுவதற்கு என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

காகிதம் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். 10 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மி.மீ., அதாவது ஒரு சட்டைப் பொத்தான். ஒற்றைக் கையில், எந்தச் சாய்மானமும் இல்லாமல், பத்து மீட்டர் தள்ளி நின்று அந்தப் பொத்தானைத் தொட வேண்டும். முதல் மாதம் உங்கள் பெல்லட் கருப்பு வட்டத்துக்கு வெளியே போய் விழும், அது எல்லோருக்கும் நடப்பது.

சரி, எந்த வகை வாங்கலாம்? பழைய மார்க்கெட்டில் நான்கு வகை வரும்.

ஸ்பிரிங் வகையில் பெயர் பெற்றது ஃபைன்வெர்க்பாவ் 65. பக்கவாட்டு நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். சுடும்போது மேல்பாகம் முழுக்கத் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் பின்னால் நகர்ந்து உதைப்பை விழுங்கிவிடும், அருமையான வேலைப்பாடு. கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் ஸ்பிரிங்கும், காற்று கசியாமல் அடைக்கும் சீலும் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். சந்தையில் மலிவாக வரும் சாதாரண ஸ்பிரிங் பிஸ்டல்கள் உதைத்துக்கொண்டே இருக்கும், அவற்றில் பழகினால் மணிக்கட்டு கெட்ட பழக்கம் பிடித்துக்கொள்ளும்.

கரியமிலவாயு வகையை நம் ஊர் வெயிலுக்கு நான் சொல்ல மாட்டேன். அந்த வாயு 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாக நிற்காது, அழுத்தம் மளமளவென்று ஏறும். பாலக்காட்டில் பங்குனி, சித்திரையில் எத்தனை டிகிரி போகிறது என்று உங்களுக்கே தெரியும். காலையில் ஒரு இடம் அடிக்கும், மதியம் வேறு இடம் அடிக்கும். அச்சு அசல் போலீஸ் பிஸ்டல் மாதிரியே இருக்கும் பொம்மைகளும் பெரும்பாலும் இந்த வகைதான். அதை இடுப்பில் சொருகி செல்ஃபி எடுத்துப் போட்ட ஒரு பையன் இரண்டு நாள் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

காற்றுச் சிலிண்டர் வகை இன்றைய போட்டி பிஸ்டல்கள்: ஸ்டெயர் எல்பி 10, மோரினி 162, வால்தர் எல்பி 400, ஹாமெர்லி ஏபி 40 எல்லாம் இதில் சேரும். சுட சுகமாக இருக்கும், உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் புதிதாக வாங்கினால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும், பழசு வாங்கும்போதும் காற்று நிரப்பும் செலவு பின்னாலேயே வரும்.

எனக்குப் பிடித்தது நான்காவது வகை. ஒரே ஒருமுறை நெம்புகோலை அடித்தால் அந்த ஒரு சுடுதலுக்கு வேண்டிய காற்று அடைந்துவிடும், சிலிண்டரும் வேண்டாம், பம்ப்பும் வேண்டாம். ரஷ்யாவில் செய்த பைக்கால் ஐஜே 46 இந்த வகை. பார்க்க அழகே கிடையாது, மரப்பிடி கரடுமுரடாக இருக்கும், ஆனால் குழல் தரமானது, ட்ரிகரைத் திருகி நமக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். கைச்செலவு பார்த்து வாங்கும் ஆளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், என்னிடம் இருப்பதும் அதுதான்.

எங்கே தேடுவது என்றால், முதலில் உங்கள் மாவட்ட ரைஃபிள் சங்கம். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு மணி நேரத்தில் கோயம்புத்தூர், இன்னொரு திசையில் ஒரு மணி நேரத்துக்குள் பாலக்காடு. தேசிய அளவுக்குப் போகும் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் மேல் ரக பிஸ்டலுக்கு மாறுவார்கள், பழசு வீட்டில் பெட்டிக்குள் தூங்கும். படிப்பு முடிந்து விளையாட்டை விட்டவர்களும் உண்டு. சங்கத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தால் யாரிடம் என்ன இருக்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும், அதற்குள் அங்கே இருக்கும் பிஸ்டலிலேயே சுட்டுப் பார்த்தும் விடலாம். வாங்கும் முன்னால் வேறொருவருடைய பிஸ்டலில் ஒரு இருநூறு பெல்லட்டாவது சுட்டிருங்கள்.

இணையத்தில் தேடி நான் ஒருமுறை ஏமாந்தேன். அழகான படம், நியாயமான விலை, "இன்னொரு பார்ட்டி கேட்டுக்கொண்டிருக்கிறார், பாதிப் பணம் போட்டால் உங்களுக்கு வைத்துவிடுகிறேன்" என்று ஒரு குரல். ஐயாயிரம் போட்டேன், அத்தோடு அந்த நம்பர் அணைந்துவிட்டது. அதிலிருந்து என் விதி, கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய் கிடையாது. கல்ஃபிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது என்று சொல்லும் துப்பாக்கியும் வேண்டாம், சுங்கத்துக்குக் கணக்குக் காட்டாத சாமான் நாளைக்கு உங்கள் தலையில்தான் விடியும். முதல் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். விளையாட்டு வீரர் சலுகையில் இறக்குமதி ஆனது என்றால் விற்க நிபந்தனைகள் இருக்கும், சங்கச் செயலாளரிடம் காகிதத்தைக் காட்டி அவர் சரி என்ற பிறகு பேசுங்கள்.

இப்போது முக்கியமான பகுதி, நேரில் பார்ப்பது. நான் என்னுடையதைப் பொள்ளாச்சியில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். போகும்போது என் பையில் இருந்தவை: நல்ல பெல்லட் ஒரு டப்பா, டார்கெட் காகிதம் பத்து, ஒரு சின்ன டார்ச், சோப்புத் தண்ணீர் ஒரு குப்பி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், நூல் கொஞ்சம், ஒரு பழைய துண்டு.

கையில் வாங்கியதும் முதலில் குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, உள்ளே பெல்லட் இல்லை என்று திறந்து பாருங்கள். "லோடு இல்லீங்க, நான் பார்த்துட்டேன்" என்று அவர் சொன்னாலும் பாருங்கள், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்துக் குழலின் உள்ளே பார்ப்பது. கோடுகள் சுருள் சுருளாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். குழல்வாய் விளிம்பில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள், எங்காவது தட்டினால் கீழே விழுந்த துப்பாக்கி. அந்த ஒரு சின்ன நெளிசல் போதும், பெல்லட் வெளியேறும்போது காற்று ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், அதற்கு அப்புறம் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் திரிவீர்கள்.

பிடியில் கையை வையுங்கள். வலக்கைப் பிடி, இடக்கைப் பிடி தனித்தனி, அளவும் சிறியது பெரியது என்று உண்டு. கண்ணை மூடி பிஸ்டலை நீட்டிவிட்டுத் திறந்தால் முன்குறியும் பின்குறியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி இருந்தால் கவலை இல்லை, உப்புத்தாளும் மரப்புட்டியும் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். கை உள்ளேயே போகவில்லை என்றால் மட்டும் யோசியுங்கள்.

ட்ரிகருக்குத்தான் அந்தத் தண்ணீர் பாட்டில். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், அரை லிட்டர் தண்ணீர் சரியாக 500 கிராம். பெல்லட் போடாமல் ட்ரிகரை மட்டும் ஏற்றி, குழலை மேலே பார்த்தபடி நிறுத்தி, பாட்டிலை நூலில் கட்டி ட்ரிகரில் தொங்கவிட்டு மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழுந்த பிறகும் ட்ரிகர் விழவில்லை என்றால் நல்லது. தூக்க ஆரம்பிக்கும்போதே டக்கென்று விழுந்தால் யாரோ உள்ளே கை வைத்து ஆபத்தான அளவுக்கு லேசாக்கியிருக்கிறார்கள். வாத்தியாரின் பைக்கால் தாங்கியது, இரண்டு முறை ஆட்டிப் பார்த்தேன், அப்போதும் விழவில்லை. மோரினியில் மின்னணு ட்ரிகர் உள்ளது என்றால் பேட்டரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

அடுத்தது காற்று. நெம்புகோல் வகை என்றால் அடித்து உடனே ஒருமுறை சுடுங்கள், பிறகு அடித்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து சுடுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றுபோல இருக்க வேண்டும், டார்கெட்டிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். நான் பார்த்தபோது இரண்டாவது சத்தம் சற்றே சோர்ந்து வந்தது, "டப்" என்பதற்குப் பதில் "டுப்". சீல் காய்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக யாரும் தொடாத துப்பாக்கி, அப்படித்தான் இருக்கும். வாத்தியாரிடம் மறைக்காமல் சொன்னேன், "ஆமாங்க தம்பி, பையன் காலேஜ் போனதிலிருந்து பெட்டியிலதான் கிடக்குது" என்று அவரும் ஒத்துக்கொண்டு, சீல் மாற்றும் செலவை விலையில் குறைத்தார். சீல் என்பது சின்னதாக ஒரு ரப்பர் வட்டம், அவ்வளவுதான், அதற்காக நல்ல குழலை விட்டுவிட்டு வரக் கூடாது.

சிலிண்டர் வகை என்றால் முதலில் படிக்க வேண்டியது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. சர்வதேச விதியில் சிலிண்டருக்குப் பத்து வருஷம்தான் ஆயுள். 2014 என்று இருந்தால் அது முடிந்த கதை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை நிரப்பாதீர்கள். 200 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றைப் போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு, உங்கள் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புது சிலிண்டர் விலையைத் தனியாக விசாரித்து, அதைக் கழித்துத்தான் பேரம். தேதி சரியாக இருந்தால் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பாருங்கள், முடிந்தால் முள் காட்டும் அளவைப் படம் எடுத்துக்கொண்டு மறுநாள் வந்து மறுபடி பாருங்கள். ஒரு நாளில் முள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கினால் கசிவு.

கடைசியாகச் சுட்டுப் பாருங்கள். துண்டை மடித்து மேசைமேல் வைத்து, பிஸ்டலை அதில் சாய்த்து, பத்து மீட்டரில் ஐந்து பெல்லட். நல்ல பிஸ்டல் என்றால் ஐந்தும் சேர்ந்து ஒரே ஓட்டையாக, ஒரு சுண்டைக்காய்க்குள் அடங்க வேண்டும். பரந்து விழுந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாமல் வேறு பெல்லட் போட்டுப் பாருங்கள், 4.49, 4.50 என்று தலை அளவு மாறும்போதே சில குழல்கள் வேறு மாதிரி சுடும். அப்போதும் சிதறினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் விற்பவர், வாங்குபவர் பெயர், முகவரி, பிஸ்டலின் பெயர், வரிசை எண், 4.5 மி.மீ. என்ற குறிப்பு, தேதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகல் மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தாள் நம் பக்கம் ரொம்ப அவசியம். கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் என்று எந்த வழியாக வந்தாலும் சோதனைச்சாவடி. பெட்டிக்குள் பிஸ்டல் வடிவத்தில் ஒன்றைப் பார்த்தால் போலீஸ்காரர் பதறத்தான் செய்வார், அது அவர் வேலை. காலியாக, பூட்டிய பெட்டியில், டிக்கியில், தாளோடு இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சட்டமன்றத் தேர்தல் ஒரே வருஷத்தில்தான் வருகிறது, அந்தச் சமயத்தில் இரண்டு பக்கமும் பறக்கும் படை நிற்கும். தேர்தல் அறிவித்துவிட்டால் முடியும் வரை எல்லை தாண்டி எடுத்துப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்தாயிற்று. சுடும் இடம் வேண்டும். எங்கள் வீட்டில் நடையில் நின்று மாட்டுத்தொழுவத்துச் சுவர் வரை சரியாகப் பத்து மீட்டர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு டார்கெட் காகிதம் எம்மாத்திரம், ஆனி ஆடியில் வெளியே சுட முடியாது, அதனால் ஒரு பக்கம் தார்ப்பாய் கட்டிவிட்டேன். சுவருக்கு முன்னால் மரப்பெட்டி, உள்ளே கனமான இரும்புத் தகட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தது, பெல்லட் மோதி அடியில் இருக்கும் மணலில் விழும். தகட்டை நேராக நிறுத்தினால் பெல்லட் திரும்பி உங்களிடமே வரும். கண்ணாடி போடாமல் யாரும் அந்த நடையில் நிற்கக் கூடாது, பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையும்தான். டார்கெட்டுக்குப் பின்னால் கதவோ ஜன்னலோ வழியோ இருக்கவே கூடாது. பெல்லட் ஈயம், சிந்தியதைக் கோழி கொத்தும், அன்றன்றே பொறுக்கி டப்பாவில் போடுங்கள். சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்குத் தட்டில் கை வைக்காதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சிலிண்டர் வகை வாங்கியவர்களிடம் யாராவது, "வெல்டிங் கடையில ஆக்சிஜன் இருக்கு, அதைப் பிடிச்சுக்கலாம்" என்பார்கள். கூடவே கூடாது. உள்ளே துளி எண்ணெய்ப்பசை இருந்தாலும் அழுத்தமான ஆக்சிஜன் பட்டதும் தீப்பிடித்து வெடிக்கும். சாதாரணக் காற்று மட்டும், அதுவும் சங்கத்திலோ அதற்கென்று இருக்கும் கைப்பம்ப்பிலோ. சீலுக்குத் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி போதும்.

மழைக்காலத்தில் பிஸ்டலை அது வந்த ஸ்பாஞ்சுப் பெட்டியிலேயே மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பில் பூக்க வைக்கும். துடைத்து, துணியில் சுற்றி, பீரோவில் பூட்டி, பெல்லட் டப்பாவை வேறு இடத்தில். நெம்புகோல் வகையை ஒருபோதும் காற்று அடித்த நிலையில் வைக்க வேண்டாம், சீல் அதில்தான் சீக்கிரம் போகும். வாத்தியாரின் பைக்காலுக்கு நான் சீல் மாற்றி இரண்டு ஆவணி முடிந்துவிட்டது. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் நாற்பது பெல்லட், "டப்" சத்தம் இன்னும் சோரவில்லை.